வாழைப்பழத் தோல் அழுக்குத் தண்ணீரைக் குடிநீராக்குமா? சமையலறைக் கழிவால் எது முடியும், எது முடியாது

வெள்ளம் வடியும் நாட்களிலும், கோடையில் குழாய்த் தண்ணீர் நின்றுபோகும் நாட்களிலும் ஒரே மாதிரியான காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். கண்ணாடி டம்ளரில் கலங்கிய தண்ணீர். அதில் நறுக்கிய வாழைப்பழத் தோலையோ முருங்கை விதைத் தூளையோ போடுகிறார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடுகிறது. எடுத்துக் குடித்தும் காட்டுகிறார்கள். கீழே "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று ஒரு வரி.

அந்த வரி முழுப் பொய் என்று சொல்ல முடியாது. வாழைப்பழத் தோலை வைத்து ஆய்வு நடந்திருக்கிறது. முருங்கை விதை தண்ணீரைத் தெளிய வைப்பதும் உண்மை. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, குடிக்கத்தக்க தண்ணீர் வேறு. இந்த இரண்டையும் ஒன்றென நம்பிக் கைக்குழந்தைக்குப் புகட்டினால் வயிற்றுப்போக்கில் போய் முடியும். அதனால் அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

## அழுக்கு என்று எதைச் சொல்கிறோம்?

தண்ணீரில் இருக்கும் அழுக்கை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. கலங்கல். மண், வண்டல், இலை மக்கிய தூள் போன்றவை தண்ணீரில் மிதப்பதால் வருவது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இதுதான். என்.டி.யூ. என்ற அலகில் அளப்பார்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) இதை 1 என்ற அளவில் வைத்திருக்கிறது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 5 வரை போகலாம்.

2. நுண்ணுயிர்கள். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, சீதபேதி எல்லாம் இந்த வழியில் வருபவை. மலம் கலந்த தண்ணீரா என்று கண்டுபிடிக்க ஈ.கோலை என்ற பாக்டீரியாவைத் தேடுவார்கள். 100 மில்லி லிட்டரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது.

3. கரைந்த உப்புகள். குக்கர் அடியில் வெள்ளையாகப் படியும் கால்சியம், நாக்கில் உவர்க்கும் சோடியம், நைட்ரேட், ஃபுளோரைடு. இவை தண்ணீரோடு தண்ணீராகக் கலந்திருப்பதால் எந்தத் துணியிலும் தங்காது.

4. கன உலோகங்களும் ரசாயனங்களும். காரீயம், ஆர்சனிக், குரோமியம், சாயம், பூச்சிக்கொல்லி. மிகச் சிறிய அளவே கெடுதல் செய்யும். காரீயத்துக்கு இந்தியத் தரம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லி கிராம்.

ஊருணித் தண்ணீரில் முதல் இரண்டும் இருக்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் மூன்றாவது நிறைய இருக்கலாம். ஒரு வகையை நீக்கும் பொருள் இன்னொரு வகையைத் தொடக்கூட மாட்டாது. "இது தண்ணீரைச் சுத்தமாக்கும்" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "எந்த அழுக்கை எடுக்கும்?" என்பதுதான்.

## கழிவு செய்யக்கூடிய வேலை இரண்டு

உணவுக் கழிவுகள் தண்ணீரில் பொதுவாக இரண்டு விதமாக வேலை செய்கின்றன.

முதலாவது திரிய வைப்பது. பாலில் எலுமிச்சைச் சாறு விட்டால் திரிந்து கட்டியாவதைப் பார்த்திருப்போம். கலங்கல் தண்ணீரிலும் அப்படி ஒன்று நடக்கிறது. களிமண் துகள்களின் மேல் எதிர் மின்சுமை இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் அவை ஒட்டிக் கனமாக முடிவதில்லை. நாள்கணக்கில் மிதந்துகொண்டே இருக்கின்றன. நேர் மின்சுமை உள்ள ஒரு பொருளைச் சேர்த்தால் அந்தத் தள்ளல் நின்றுவிடும். துகள்கள் திரிதிரியாகச் சேர்ந்து அடியில் உட்காரும். படிகாரம் போடுவது இதற்காகத்தான்.

இரண்டாவது பரப்புக் கவர்ச்சி. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வதோடு இதைச் சேர்க்கக் கூடாது. காட்டுப் பாதையில் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அந்த மாதிரி. பொருளின் மேற்பரப்பில் மாசு வந்து ஒட்டிக்கொள்கிறது. பரப்பு எவ்வளவு விரிந்ததோ அவ்வளவு ஒட்டும். வேட்டி முழுக்க நாயுருவி ஏறிவிட்டால் அதற்கு மேல் ஒட்ட இடம் கிடையாது. கரியும் தோலும் அப்படித்தான், ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும்.

இந்த இரண்டில் எதுவும் கிருமியைக் கொல்லும் வேலை இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

## முருங்கை விதை: இருப்பதில் நம்பத்தக்கது

சாம்பாருக்கு ஆகாது என்று தூக்கிப் போடும் முற்றல் முருங்கைக்காய், மரத்திலேயே காய்ந்து பழுப்பானால், வெடித்து விதை உதிரும். மூன்று பக்கமும் மெல்லிய இறகு வைத்த விதை. அதன் ஓட்டை நீக்கினால் உள்ளே வெள்ளைப் பருப்பு இருக்கும். அதிலுள்ள புரதம் நீரில் கரையக்கூடியது, நேர் மின்சுமை கொண்டது. திரிய வைப்பதற்குத் தேவையானது அதுதான்.

சூடானில் நைல் நதியின் கலங்கல் நீரைப் பெண்கள் இந்த விதை கொண்டு தெளிய வைத்ததை சமியா அல் அசாரியா யான் என்ற ஆய்வாளர் பதிவு செய்த பிறகுதான் உலகத்தின் கவனம் இதன் மேல் திரும்பியது. அதற்குப் பின் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். நல்ல கலங்கல் நீரில் கலங்கல் பெருமளவு குறைகிறது. மண்ணோடு ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து கீழே போவதால் 90 முதல் 99 விழுக்காடு வரை பாக்டீரியா குறைந்ததாகவும் முடிவுகள் உண்டு.

செய்முறை எளிது, ஆனால் ஒவ்வொரு படியும் முக்கியம்.

1. நன்றாகக் காய்ந்த விதையாக இருக்க வேண்டும். பச்சைக் காயின் விதையும் வெந்த காயின் விதையும் இதற்குப் பயன்படாது.

2. அளவு கலங்கலைப் பொறுத்தது. மிதமாகக் கலங்கியிருந்தால் 2 லிட்டருக்கு ஒரு விதை. செம்மண் குழம்பாக இருந்தால் லிட்டருக்கு ஒன்று, மிக மோசமானால் இரண்டு.

3. ஓட்டையும் இறகையும் நீக்கி, பருப்பை மட்டும் அம்மியிலோ உரலிலோ இடித்து, கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்டுக் குழைத்து, துணியில் பிழிய வேண்டும். பால் போல வருவதுதான் மருந்து. சக்கையைத் தண்ணீரில் போட வேண்டாம்.

4. அந்தப் பாலை விட்டதும் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும். அப்புறம் 5 முதல் 10 நிமிடம் மெதுவாக, ஒரே சீராக. இந்த மெதுவான கலக்கலில்தான் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும். அவசரத்தில் இதைத் தாண்டிவிட்டால் தெளியாது.

5. ஒன்று இரண்டு மணி நேரம் ஆடாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும்.

கலங்கல் குறைவாக உள்ள நீரில் இது சரியாக வேலை செய்யாது. துகள்கள் ஒன்றையொன்று சந்தித்தால்தானே ஒட்டும்? ஏற்கெனவே தெளிவாக இருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் முருங்கை விதையைப் போடுவதால் ஒரு நன்மையும் இல்லை, கெடுதல் உண்டு. என்ன கெடுதல் என்று பின்னால் வருகிறது.

நம் பக்கத்தில் இதே வேலைக்குப் பழைய பொருள் தேற்றாங்கொட்டை. சமையலறைக் கழிவு இல்லை என்றாலும் அதே மாதிரி வேலை. பானையின் சொரசொரப்பான உட்புறத்தில் நாலு சுற்று தேய்த்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றுவார்கள். கலித்தொகையிலேயே இது உவமையாக வருகிறது. அங்கே அந்த மரத்துக்கு இல்லம் என்று பெயர். ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். தேற்றானும் எட்டியும் ஒரே பேரினத்து மரங்கள். தேற்றாங்கொட்டை சிறிய பொத்தான் போல உருண்டையாக இருக்கும். எட்டிக்கொட்டை பழைய நாணயம் போலத் தட்டையாக, பெரிதாக இருக்கும். அது கொடிய விஷம். தெரிந்தவர்களிடம் காட்டாமல் காட்டிலிருந்து பொறுக்கி வந்து பயன்படுத்த வேண்டாம்.

## வாழைப்பழத் தோல் ஆய்வு உண்மையில் எதற்காக நடந்தது?

காணொளிகள் காட்டும் ஆய்வு பிரேசில் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது. பரானா ஆற்று நீரில் இருந்த காரீயத்தையும் தாமிரத்தையும் அரைத்த வாழைப்பழத் தோல் பிடித்துக்கொள்வதை அதில் காட்டினார்கள். தோலிலுள்ள பெக்டின், செல்லுலோஸ் போன்றவற்றில் உலோக அயனிகளை இழுக்கும் அமிலக் கொக்கிகள் உண்டு. அது சரிதான்.

ஆனால் அந்த ஆய்வின் நோக்கம் குடிநீர் தயாரிப்பது இல்லை. ஆற்று நீரில் உலோகம் மிகக் குறைவாக இருப்பதால் கருவியால் நேரடியாக அளக்க முடியவில்லை. நிறைய தண்ணீரைத் தோல்தூள் வழியே செலுத்தி, உலோகத்தை ஓரிடத்தில் சேர்த்து, பிறகு அதைக் கழற்றி அளப்பதற்கு ஒரு மலிவான வழி தேடினார்கள். கிருமி போகுமா, தண்ணீரைக் குடிக்கலாமா என்பதெல்லாம் அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. பல மொழி கைமாறி நம் கைபேசிக்கு வருவதற்குள் அது "இயற்கை வாட்டர் ஃபில்டர்" ஆகிவிட்டது.

இதே மாதிரி வேறு ஆய்வுகளும் இருக்கின்றன. தேயிலை இலை கொதிக்கும்போதே தண்ணீரிலுள்ள காரீயத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஒரு கோப்பைத் தேநீரில் சுமார் 15 விழுக்காடு என்று 2025இல் அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். வெண்டைக்காயின் வழவழப்பும் வெந்தயத்தின் பசையும் நெகிழித் துணுக்குகளைத் திரட்டி அடியில் சேர்ப்பதாக இன்னொரு ஆய்வு. இவை நல்ல ஆய்வுகள். நாளைக்கு ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ரசாயனத்துக்குப் பதிலாக வெந்தயம் வரக்கூடும், வந்தால் சந்தோஷம். ஆய்வகத்தில் அமிலத்தன்மை, நேரம், அளவு எல்லாவற்றையும் கட்டுப்படுத்தி, முடிவைக் கருவியில் அளந்து பார்க்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் அளவும் தெரியாது, முடிவும் தெரியாது. காரீயம் போனதா என்று நாக்கும் சொல்லாது, கண்ணும் சொல்லாது.

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டு நிரூபிக்கிறவர்களும் உண்டு. அந்தக் கருவி மொத்தமாகக் கரைந்த உப்பைத்தான் காட்டும். கிருமியைக் காட்டாது, காரீயத்தைத் தனியாகக் காட்டாது. வாழைப்பழத் தோலை ஊற வைத்தால் அதிலுள்ள பொட்டாசியம் கரைந்து எண் கூடவே செய்யும்.

## கொட்டாங்குச்சிக் கரியும் உமிச் சாம்பலும்

கழிவிலிருந்து உண்மையாகவே வடிகட்டி ஆன இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கழிவுக்கும் வடிகட்டிக்கும் இடையே எவ்வளவு வேலை இருக்கிறது என்பது இதில்தான் புரியும்.

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்துக்குள் இருக்கும் கரி பெரும்பாலும் தேங்காய்க் கொட்டாங்குச்சியிலிருந்து வருவது. இலங்கை அதை உலகெங்கும் ஏற்றுமதி செய்கிறது. முதலில் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பிறகு 800 முதல் 1000 டிகிரி சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். நீராவி கரியைக் குடைந்து கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளை உண்டாக்குகிறது. அப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். இதைத்தான் செறிவூட்டிய கரி என்கிறோம். குளோரின் வாடை, சில பூச்சிக்கொல்லிகள், சாயம் ஆகியவற்றை நன்றாகப் பிடிக்கும்.

அடுப்பில் எரிந்து மிஞ்சிய கொட்டாங்குச்சிக் கரிக்கு அந்தத் துளைகள் கிடையாது. அதில் தாரும் சாம்பலும் இருக்கும். பள்ளிப் பாடத்தில் வரும் மணல், கரி, ஜல்லி அடுக்கிய பானைகள் கலங்கலையும் கொஞ்சம் வாடையையும் எடுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்தக் கரியின் மேலேயே பாக்டீரியா குடியேறி, உள்ளே போன தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீர் மோசமாகிவிடும்.

உமிச் சாம்பலின் கதை இன்னும் தெளிவானது. 2009 டிசம்பரில் டாடா நிறுவனம் ஸ்வச் என்ற மின்சாரம் தேவைப்படாத வடிகட்டியைக் கொண்டுவந்தது. அதன் உள்ளே இருந்தது நெல் உமிச் சாம்பல். ஆனால் அந்தச் சாம்பலின் மேல் நுண்ணிய வெள்ளித் துகள்களை ஏற்றியிருந்தார்கள். கிருமியைக் கொன்றது வெள்ளி. சாம்பல் அந்த வெள்ளியைத் தாங்கியது. தொழிற்சாலையில் இவ்வளவு செய்தும் உமி தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை.

## 99 விழுக்காடு ஏன் போதாது?

முருங்கை விதை 99 விழுக்காடு பாக்டீரியாவை நீக்குகிறது என்று கேட்டால் பெரிதாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ள நீரில் 100 மில்லி லிட்டருக்கு 10,000 ஈ.கோலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 99 விழுக்காடு போனால் மிச்சம் 100. இருக்க வேண்டியது பூஜ்யம்.

மிச்சமிருக்கும் அந்த 100க்கு நாம் சாப்பாடும் போட்டிருக்கிறோம். முருங்கைப் பாலிலும் பழத்தோலிலும் இருந்து கரைந்த சர்க்கரை, புரதம், மாவுப்பொருள் எல்லாம் தண்ணீரில் தங்கிவிடும். நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுக்க மூடி வைத்தால் மீதக் கிருமிகள் அதைத் தின்று பெருகும். காலையில் தண்ணீரில் ஒரு புளித்த வாடை வந்தால் காரணம் இதுதான். முன்பு சொன்ன கெடுதலும் இதுவே.

இதே காரணத்தால் குளோரினும் தடுமாறும். கரைந்த உணவுப் பொருளோடு வினைபுரிந்தே குளோரின் தீர்ந்துபோகும், கிருமிக்கு மிச்சமிருக்காது. விதை போட்டுத் தெளிய வைத்த தண்ணீருக்குக் குளோரின் மாத்திரையைவிடக் கொதிக்க வைப்பதே நல்லது.

## எந்தத் தோலாலும் முடியாதவை

உவர்ப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு. இவற்றுக்கு வாழைத்தோலும் இல்லை, முருங்கையும் இல்லை. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்று கூடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது, பார்க்கத் தெளிவாக இருந்த நிலத்தடி நீரைக் குடித்துத்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது இதனால்தான்.

ஃபுளோரைடை எடுக்கும் சமையலறைக் கழிவு ஒன்று உண்டு: எலும்பு. கென்யாவிலும் தான்சானியாவிலும் மாட்டெலும்பைச் சுட்டுக் கரியாக்கி வடிகட்டியில் வைக்கிறார்கள். சூளையின் வெப்பம் தவறினால் அழுகல் வாடை நிற்கும், அல்லது எலும்பு ஃபுளோரைடைப் பிடிக்கும் திறனை இழக்கும். வீட்டு அடுப்பில் முயல வேண்டிய வேலை அது இல்லை.

## சரி, வெள்ள நேரத்தில் கலங்கல் நீர் மட்டும்தான் இருந்தால்?

சாயப்பட்டறைக் கழிவோ டீசலோ சாக்கடையோ கலந்த தண்ணீர் என்றால் எதைச் செய்தும் குடிக்க வேண்டாம். மண் கலங்கல் மட்டும்தான் என்றால் வரிசை இது.

1. ஒரு பாத்திரத்தில் சில மணி நேரம் ஆடாமல் வைத்து, மேல் நீரை இறுத்துக்கொள்ளுங்கள். பெருமணல் தானாகவே தங்கிவிடும்.

2. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்து வடிகட்டுங்கள். புதிய துணியைவிடத் துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த துணி நல்லது, இழை விரிந்து துளை சிறுத்திருக்கும். வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் இப்படி வடிகட்டிய கிராமங்களில் காலரா கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததை ஆய்வாளர் ரீட்டா கால்வெல் குழுவினர் 2003இல் வெளியிட்டார்கள். காலராக் கிருமி தண்ணீரில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதால் அங்கே அது பலித்தது. தனியாக மிதக்கும் கிருமிகள் புடவையைத் தாண்டிப் போய்விடும்.

3. இன்னும் கலங்கலாக இருந்தால் முருங்கை விதையோ படிகாரமோ. தெளிந்ததை மறுபடி துணியில் வடித்துக்கொள்ளுங்கள்.

4. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போல 2000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் 3 நிமிடம். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும்.

5. விறகும் எரிவாயுவும் இல்லை, வெயில் இருக்கிறது என்றால், நிறமில்லாத பெட் பாட்டிலில் நிரப்பி முழு வெயிலில் 6 மணி நேரம் கிடத்துங்கள். பாதி மேகம் என்றால் இரண்டு நாள். இதற்குத் தண்ணீர் தெளிவாக இருந்தாக வேண்டும். பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, மேலிருந்து வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்தைப் படிக்க முடிந்தால் போதும். படிக்க முடியாவிட்டால் மூன்றாவது படிக்குத் திரும்ப வேண்டும். சமையலறைக் கழிவு உண்மையாகக் கைகொடுக்கும் இடம் இதுதான்: தெளிய வைத்து, அடுத்த படிக்குத் தண்ணீரைத் தயார் செய்வது.

விதை போட்ட தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். அடியில் தங்கிய சகதியில் கிருமி முழுக்க அப்படியே இருக்கும். அதைக் கிணற்றுப் பக்கமும் பாத்திரம் துலக்கும் இடத்திலும் கொட்டாமல், தள்ளிப் போய்க் குழி தோண்டி ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வீட்டுக் கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ என்ன இருக்கிறது என்று அறிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். உப்புச் சோதனைக்கு ஒரு பாட்டில், கிருமிச் சோதனைக்கு வேறு பாட்டில். இரண்டாவதைக் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டுச் சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்ட பிறகு பிடித்து, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் மூடி, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும்.